நாளும் நூறு நன்றி
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிற சமய மறைகளில் காணலாகும் வாழ்வியல் அறங்களைப் பற்றி உரையாற்ற வேண்டும் எனப் பணித்தீர்கள். நான் யூத சமயத்தைத் தேர்ந்துகொண்டேன். பத்தாம் ஆண்டு விழாவுக்கு அது பொருந்தும் என்று தோன்றியதும் ஒரு காரணம். பத்து என்னும் எண்ணுக்கு அச்சமயத்தில் தனி மதிப்பு உண்டு. பருவம் எய்திய பத்துப் பேர் கூடினால்தான் அவர்தம் பொது வழிபாடு முழுமை பெறும். அக்கூட்டத்திற்கு 'மின்யான்' என்று பெயர். வந்திருப்போர் ஒன்பதின்மரும் பேரறிஞர்களாகவே இருக்கட்டும். பத்தாமவர் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவர் நாள் முழுதும் மூட்டை சுமந்து களைத்தவராக இருக்கலாம். மறைநூல் கல்லாதவராகவும் இருக்கலாம். அவர் உள்ளே அடியெடுத்து வைத்த பிறகே அது வழிபாட்டுக் கூட்டமாகிறது. மழை நாளில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்ற நம் செயலருக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எபிரேய மொழி நான் பயின்றதன்று. தமிழ், ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகவே இந்நூல்களை அணுகினேன். எனவே சமய அறிஞராக அன்றி இலக்கிய மாணவியாகவே பேசுகிறேன்.

நமக்கு முற்றும் அயலதன்று

இம்மரபு நமக்கு முழுதும் அயலானதன்று. சாலமோன் மன்னனுக்குக் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களைக் கூறுமிடத்தில் எபிரேய மறை மயிலைச் சுட்ட வழங்கும் 'துக்கி' என்னும் சொல், நம் 'தோகை'யோடு தொடர்புடையது எனக் கால்டுவெல் முதலானோர் கருதினர். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. ஆக, நாம் பேசப்போவது நம் கடற்கரையில் வந்திறங்கி வாழ்ந்த மக்களின் நூலைப் பற்றியே.

முடியாத வாசிப்பு

தோரா என்பது ஐந்து நூல்களின் தொகுதி. தமிழ் விவிலியத்தில் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று அவற்றை அறிவோம். அதனை 54 பகுதிகளாக வகுத்து வாரந்தோறும் தொழுகைக்கூடத்தில் ஓதுவர். ஓதப்படும் சுருள் அச்சிட்டதன்று; தோலில் எழுத்தர் ஒருவர் கையால் எழுதியது. அதில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகளும் இல்லை. புள்ளியில்லாத ஓலைச்சுவடியில் மெய் எது, உயிர்மெய் எது எனத் தேர்ந்து படித்த நம் முன்னோரின் இடர்ப்பாடு அவர்க்கும் உண்டு. ஓதுபவர் முன்னரே பயின்று வரவேண்டும். பிழைபட ஓதினால் அருகில் நிற்போர் உடனே திருத்துவர். சுருளை விரலால் தொடுவதில்லை. கைவடிவில் அமைந்த சிறு சுட்டுகோலால் வரியைத் தொடர்வர்.

ஆண்டு நிறைவில் ஒரு விழா வருகிறது. அன்று உபாகமத்தின் இறுதிப் பகுதியை ஓதி முடித்த கையோடு ஆதியாகமத்தின் தொடக்கத்தை ஓதுகிறார்கள். நூலை முடித்துவிட்டோம் என்று சொல்ல அங்கு ஒருநாள் இடைவெளிகூட இல்லை. நூல் அதே நூல்தான். படிப்பவர்க்கு ஓர் ஆண்டு கூடியிருக்கிறது. சென்ற ஆண்டு கதையாகக் கேட்ட ஒரு பகுதி, இடையில் தந்தையை இழந்தவருக்கு இவ்வாண்டு வேறாகக் கேட்கும். 'அந்நூலைப் பட்டப்படிப்பிலேயே முடித்துவிட்டேன்' என்று கூறும் நம் மாணவர்க்கு இதைச் சொல்லுதல் தகும்.

நன்றி முதலில், நான் பிறகு

இனி வழிபாட்டுக்கு வருவோம். யூதர் துயில் கலைந்ததும், படுக்கையிலிருந்து எழுமுன்னரே, ஒரு சிறு நன்றியுரையைச் சொல்வது வழக்கம். உயிரை மீளத் தந்தமைக்கான நன்றி அது. அதன் முதற்சொல் 'மோதே'. நன்றி செலுத்துகின்ற என்பது பொருள். பெண்கள் சொல்லும்போது அது 'மோதா' ஆகும். அடுத்த சொல் 'அனீ', அதாவது நான். ஒரு நாளின் முதற்சொல் நன்றியாகவும், 'நான்' இரண்டாம் சொல்லாகவும் அமைந்துவிட்டது. அவ்வுரையில் இறைவனின் திருப்பெயர் இல்லை என்பதும் கருதத்தக்கது. கை கழுவாத நிலையில் திருப்பெயரைச் சொல்லலாகாது என்பது மரபு. அதற்காக நன்றியைத் தள்ளிப்போட மனமின்றிப் பெயரை மட்டும் விடுத்து நன்றியை உரைக்கிறார்கள். தூய்மை வரும்வரை காத்திருக்கலாம். நன்றி காத்திருக்கலாகாது என்பதே அதன் குறிப்பு என நான் கொள்கிறேன்.

ஒருவர் நாளொன்றுக்கு நூறு வாழ்த்துகள் உரைக்கக் கடமைப்பட்டவர் என்பது கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரபி மேயர் பெயரால் தால்முட் கூறும் கருத்து. அப்பம் உண்ண ஒரு வாழ்த்து, திராட்சை மதுவுக்கு ஒன்று, மின்னலுக்கு ஒன்று, வானவில்லுக்கு ஒன்று, இளவேனிலில் பூத்த கனிமரத்தைக் காண ஒன்று, கற்றறிந்தாரைக் காண ஒன்று என அவை விரியும். துயரச் செய்தி கேட்டால் அதற்கும் ஒன்று உண்டு. கழிப்பறை சென்று வந்து கை கழுவிய பின்னும் ஒன்று உண்டு. உடலின் துளைகளும் குழல்களும் திறக்க வேண்டியபோது திறந்து, மூட வேண்டியபோது மூடுவதால்தான் உயிர் நிற்கிறது என எண்ணிப் பார்க்கும் வாழ்த்து அது. கேட்டவுடன் சிரிப்பு வரலாம். சிறுநீரகம் பழுதுற்ற ஒருவரை மருத்துவமனைக்கு வாரம் இருமுறை அழைத்துச் செல்லும் குடும்பத்தார் சிரிக்கமாட்டார்கள்.

கவிஞர்கள் இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வாழ்த்தைச் சொல்லித் தப்பித்தல் இயலாது. மரத்தின் கனிக்கு ஒரு வாழ்த்து. நிலத்தின் விளைவுக்கு வேறொரு வாழ்த்து. வாழைப்பழத்துக்கு எது? வாழை ஆண்டுதோறும் நின்று காய்க்கும் மரமன்று; குலை தள்ளியதும் அதன் தண்டு மடிகிறது. ஆகவே நிலத்தின் விளைவுக்குரிய வாழ்த்தே வாழைக்கு உரியது. புல்லையும் மரத்தையும் பிரித்துணரத் தொல்காப்பிய மரபியல் இலக்கணம் வகுத்தமை நமக்கு நினைவுக்கு வரும். நன்றி சொல்வதற்கு முன்னர்ப் பொருளை உற்றுநோக்கு என்கிறது இம்மரபு. பார்க்காமல் பாராட்டுவது நன்றியாகாது. கவிதையாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாளும் சொல்லும் சொல் தேய்ந்துவிடாதா என்று கேட்கலாம். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். நிலைத்த வடிவத்தைக் 'கெவா' என்றும், உள்ளம் ஒன்றிய நாட்டத்தைக் 'கவனா' என்றும் வழங்குவர். வழிபாட்டை வெறும் கடமையாக ஆக்கிக்கொள்பவனின் வேண்டல் வேண்டலே அன்று என மிஷ்னாவில் இரபி எலியேசர் எச்சரிக்கிறார். ஆனால் வடிவத்தைத் தூக்கி எறியுமாறு அவர்கள் முடிவு செய்யவில்லை. உள்ளம் ஒன்றும் நாளுக்காக வடிவத்தைக் காத்து வைத்தார்கள். யாப்பைப் பற்றி நம்மிடையே நிகழும் வழக்குக்கும் இதில் ஒரு விடை உண்டு.

'எனக்கு' என்னாத வேண்டல்

அன்றாட வழிபாட்டின் மையம் நின்றுகொண்டு உரைக்கும் 'அமீதா'. 'பதினெட்டு' என்று அதற்குப் பழம்பெயர்; இன்று வேலைநாள்களில் அதில் 19 பகுதிகள் உள்ளன. நலம், விளைச்சல், நீதி, மன்னிப்பு ஆகியவை அதில் வேண்டப்படுகின்றன. அவ்வேண்டல்கள் பன்மையில் அமைந்தவை. காய்ச்சலில் கிடக்கும் தன் குழந்தைக்காக நிற்கும் தாயும் 'எங்களைக் குணப்படுத்து' என்றே சொல்கிறாள். தன் குழந்தையின் பெயரை இடையில் சேர்க்க இடமுண்டு. ஆயினும் சொல் பன்மைதான். அதனால் முகமறியாத வேறொரு குழந்தையும் அவ்வேண்டலுள் வந்துவிடுகிறது. மனிதன் தன்னைச் சமுதாயத்தோடு சேர்த்துக்கொண்டே வேண்ட வேண்டும் என அபாயே என்னும் அறிஞர் கூறியதாகத் தால்முட் பதிவு செய்கிறது. வாரத்தின் ஏழாம் நாளாகிய ஓய்வுநாளில் இவ்வேண்டல்களை விட்டுவிடுகிறார்கள். அன்று வேலைக்காரருக்கும், எருதுக்கும், கழுதைக்கும்கூட ஓய்வு என்பது தோராவின் கட்டளை. கடவுளிடம் கேட்பதற்கும் அன்று ஓய்வு அளிக்கிறார்கள் எனலாம்.

பெற்றோரை இழந்தவர் பதினொரு திங்கள் 'கதீஷ்' என்னும் உரையைச் சொல்வது வழக்கம். துயருற்றோர் சொல்லும் அவ்வுரையில் சாவு என்னும் சொல்லே இல்லை. இறைப்புகழ் மட்டுமே உண்டு. அதனைத் தனியே சொல்லவும் இயலாது. பத்துப் பேர் வேண்டும். அழுதுகொண்டு அறைக்குள் இருந்துவிட விரும்புபவரை நாள்தோறும் ஒன்பது பேர் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது அவ்விதி. அந்த ஒன்பது பேருக்கும் அதே விதி ஒரு கடமையைத் தருகிறது. யாரோ ஒருவர் தம் தாய்க்காகச் சொல்லக் காத்திருப்பார் என்பதற்காகவே விடியலில் எழுந்து செல்ல வேண்டியிருக்கிறது.

வயலின் ஓரமும் வாசற்படியும்

தோராவின் அறம் வழிபாட்டுக் கூடத்தோடு நிற்பதன்று. அறுவடையின்போது வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். கையிலிருந்து சிந்திய கதிரைக் குனிந்து எடுக்கலாகாது. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டுக்காகத் திரும்பிச் செல்லலாகாது. அவை ஏழைக்கும், அயலானுக்கும், தாய் தந்தையற்ற பிள்ளைக்கும், கைம்பெண்ணுக்கும் உரியவை. மோவாபிலிருந்து வந்த ரூத் இவ்வுரிமையால்தான் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்கினாள். மறந்த கட்டைப் பற்றிப் பழைய யூத நூலாகிய தொசெப்தா ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. பக்தர் ஒருவர் வயலில் ஒரு கட்டை மறந்துவிட்டு வந்தார். அதை அறிந்ததும் மகிழ்ந்து, பலி செலுத்துமாறு தம் மகனிடம் கூறினார். ஏனைய கட்டளைகளைத் திட்டமிட்டு நிறைவேற்றலாம். இதை மட்டும் மறதியால்தானே நிறைவேற்ற முடியும்? வேண்டுமென்றே மறக்க யாரால் இயலும்?

கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது. அது ஒருவனின் உயிரையே அடகு வாங்குவதற்கு ஒப்பாகும். ஏழையின் போர்வையை ஈடாகப் பெற்றிருந்தால் இரவுக்குள் திருப்பித் தரவேண்டும். இவற்றினும் நுட்பமான விதி ஒன்றுண்டு. கடன் கொடுத்தவன் ஈடு வாங்கக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். அவனே கொண்டுவந்து தருவான். கந்துவட்டிக்காரர் நடுவீட்டில் வந்து நின்று பெண்களின் முன்னே குரல் உயர்த்துவதைப் பார்த்தவர்க்கு அவ்விதியின் கனிவு தெரியும். பொருளை இழக்கலாம், தன் வாசற்படிக்குள் மானத்தோடு இருக்கும் உரிமையை ஏழை இழக்கக் கூடாது.

அயலானை ஒடுக்காதே, நீங்களும் எகிப்தில் அயலாராக இருந்தவர்களே என்னும் கருத்து தோராவில் 36 முறை வருவதாகத் தால்முட் எண்ணிச் சொல்கிறது. பட்ட துன்பத்தைப் பழிவாங்குவதற்கான காரணமாக்காமல் இரக்கத்திற்கான காரணமாக்குவது எளிதன்று. அதனால்தான் அத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது போலும். அவ்வளவுகோலால் எந்த அரசையும் எந்த மக்களையும் அளக்கலாம். நம் தெருவை முதலில் அளப்பது நேர்மை.

மாற்றார் கருத்து முதலில்

இனி நம் வட்டத்துக்கு மிக அணுக்கமான பகுதிக்கு வருகிறேன். இல்லேல், சம்மாய் என்னும் இரு பேராசான்களின் வழிவந்த இரு பள்ளிகள் பலவற்றில் மாறுபட்டன. இரண்டுமே இறைவனின் சொற்களே. எனினும் நடைமுறைக்குக் கொள்ளத்தக்கது இல்லேல் பள்ளியின் முடிபே எனத் தால்முட் தீர்ப்பளிக்கிறது. காரணம் என்ன? அப்பள்ளியினர் பணிவுடையோர், எதிர்ப்பள்ளியின் கருத்தையும் சேர்த்துக் கற்பித்தனர், அதிலும் தம் கருத்துக்கு முன்னதாக அவர்கள் கருத்தையே எடுத்துரைத்தனர். தோல்வியுற்ற சம்மாய் பள்ளியின் கருத்துகளும் அழிக்கப்படவில்லை. இன்றும் மாணவர் அவற்றைப் பயில்கின்றனர்.

அதே தால்முட் வேறோர் இடத்தில், ஒருவரைப் பலர் முன்னிலையில் நாணச் செய்வது குருதி சிந்துவதற்கு ஒப்பானது என்கிறது. நாணுற்றவரின் முகத்திலிருந்து செம்மை அகன்று வெண்மை பரவுவதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறது.

இதை ஏன் இங்குச் சொல்கிறேன்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவியரங்கில் மாணவி ஒருத்தி தன் முதற்கவிதையைப் படித்தாள். தளை தட்டிய ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்த ஒருவர் நகையாடினார். அவையும் சேர்ந்து சிரித்தது. தளை தட்டியது உண்மை. திருத்தம் வேண்டியதும் உண்மை. ஆனால் அக்கவிதையில் தீப்பெட்டி ஒட்டும் தாயின் விரல்களைப் பற்றி, வேறு எவரும் எழுதியிராத இரண்டு அடிகள் இருந்தன. அவற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதன்பின் அவள் எழுதவில்லை. கேட்டால், "தேர்வுக்குப் படிக்கணும், அம்மா" என்கிறாள். தேர்வுகள் முடிந்து நெடுநாளாயிற்று. யாப்பை நாம் காப்பாற்றிவிட்டோம், கவிஞரை இழந்துவிட்டோம்.

யூதர்க்கு ஆண்டில் ஒருநாள் நோன்பிருந்து மன்னிப்பு வேண்டும் நாள். இறைவனுக்கு எதிரான குற்றத்தை அந்நாள் தீர்க்கும். பிறருக்கு இழைத்த குற்றத்தை, அவரை நேரில் கண்டு மனம் ஆற்றும்வரை அந்நாளும் தீர்க்காது என்கிறது மிஷ்னா. மன்னிக்க மறுத்தால் மூன்று நண்பரை உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் சென்று கேள், மூன்று முறை கேள் என வழி வகுக்கிறார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடஸ். கோயிலில் போடும் கற்பூரம் பக்கத்து வீட்டுப் பிணக்கைத் தீர்க்காது என நம் பாட்டியர் அறிந்திருந்ததும் இதுவே.

ஒரு பெண்ணின் உதடுகள்

இம்மரபில் பெண்ணின் இடம் என்ன என்று மாணவியர் கேட்பீர்கள். மறைத்துப் பேசுதல் முறையன்று. பழமை பேணும் பிரிவில் அந்தப் பத்துப் பேரில் பெண் எண்ணப்படுவதில்லை. தன்னைப் பெண்ணாகப் படைக்காததற்கு ஆண் நன்றி சொல்லும் வாழ்த்தும் காலை வழிபாட்டில் இருந்தது; பிற்காலச் சீர்திருத்தப் பிரிவினர் அதை மாற்றினர், பெண்ணையும் பத்தில் எண்ணினர்.

ஆனால் வியப்பு என்னவெனில், வழிபடும் முறைக்கே இலக்கணமானவள் ஒரு பெண்தான். பிள்ளைப்பேறு வேண்டி அன்னாள் உதடுகள் மட்டும் அசைய, குரலெழாமல் வேண்டினாள். குரு ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்தார். அவள் அஞ்சாது மறுத்துரைத்தாள். பின்வந்த தால்முட் அறிஞர்கள் உதடசைய, மென்குரலில், உள்ளம் ஒன்றி வேண்டும் விதிகளை அவளிடமிருந்தே வகுத்தனர். 1935இல் செருமனியில் ரெகினா யோனாஸ் என்னும் பெண் இரபியாகப் பட்டம் பெற்றார். உலகில் முதன்முதலாக அப்பட்டம் பெற்ற பெண் அவரே. 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். கூடத்தின் நடுவில் அவர்க்கு இடம் கிடைக்க எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்பதையும், அவ்விடத்தில் அவர் எத்துணைச் சில ஆண்டுகளே நின்றார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தூக்கி எறியப்படாத சொல்

திருப்பெயர் எழுதிய தாள் பழுதானால் யூதர் குப்பையில் எறிவதில்லை. 'கெனிசா' என்னும் அறையில் இட்டு வைப்பர். பின்னர் மண்ணில் புதைப்பர். கெய்ரோவின் பழைய பகுதியாகிய புஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் புதைக்காமலே பல நூற்றாண்டுத் தாள்கள் குவிந்து கிடந்தன. சாலமன் செக்டர் அவற்றுள் பெரும்பகுதியை 1897இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். மறைநூல் ஏடுகளோடு திருமண ஒப்பந்தங்களும், கடைக்கணக்குகளும், மைமோனிடஸின் கையெழுத்தும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் வணிகரின் மடல்களும் கிடைத்தன. எழுத்து மதிக்கப்பட்டதால் ஒரு கடலோர வாழ்வே மிஞ்சியது.

அன்புடையீர், இவற்றைக் கேட்டு மகிழ்ந்து கலைவதோடு நில்லாமல், வட்டத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். ஒன்று, பத்தாண்டுக் காலம் இங்கே படிக்கப்பட்ட கவிதைகளின் கைப்படிகள் பலர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து ஓரிடத்தில் காப்போம். நன்று, தீது எனப் பிரிக்கும் வேலையைப் பின்வருவோர்க்கு விட்டுவிடுவோம். இரண்டு, இனித் திறனாய்வு செய்பவர் முதலில் அக்கவிதை எதைச் சொல்ல முயன்றது என்பதைக் கவிஞரே ஒப்பும்படி எடுத்துரைத்துவிட்டு, அதன்பின் குறை கூறட்டும். தளை தட்டினால் கட்டாயம் சொல்லுங்கள், சிரிக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, அம்மாணவியின் வீடு இங்கிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். வரும் ஞாயிறு காலை நான் போகிறேன். நம்மில் மூவர் உடன் வந்தால் நல்லது. அவள் மறுக்கலாம், அப்படியானால் இன்னும் இருமுறை போகலாம்.